பொம்மைத் துப்பாக்கிக்கு ஏசி கேஸ்

பெண் பார்க்கப் போன வீட்டில், கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் அந்த வீட்டு பிரிட்ஜைத் திறந்து பார்த்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே திருநாவுக்கரசு ஒருவராகத்தான் இருப்பார். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சேத்தியாத்தோப்பில் பெண் வீடு. கூடத்து மூலையில் புத்தம் புது பிரிட்ஜ் நின்றிருந்தது. கதவைத் திறந்தார், ரப்பரைத் தடவினார், குனிந்து பின்பக்கம் பார்த்தார். தரையில் பிரிட்ஜின் கால் பதிந்த தடமே இல்லை. சுவரில் பிளக் பாயிண்டும் இல்லை.

"இது இந்த ஊட்டு பிரிட்ஜ் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார்.

அது பக்கத்து வீட்டு கம்பவுண்டருடையது. பெண்ணின் தம்பி பழனிவேல் அப்போது பதினாலு வயசுப் பயல். காலையில் நாலு பேரோடு சேர்ந்து அதைத் தூக்கிவந்து வைத்தவன் அவன்தான். மானம் போய்ச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டான். ஆனால் கல்யாணம் நின்றுவிடவில்லை. திருநாவுக்கரசு உட்கார்ந்து கேசரியைச் சாப்பிட்டு முடித்தார், கயல்விழியைப் பிடித்திருக்கிறது என்றார். பொய் பிடிபட்டுவிட்டால் அவருக்கு மனசு நிம்மதியாகிவிடும். பிடிபடாத பொய் எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்புதான் அவரைத் தூங்கவிடாது.

கடலூர் முதுநகரில் அவருக்குக் கடை. கார் ஏசி, வீட்டு ஏசி, பிரிட்ஜ், மீன் வைக்கிற பெரிய ஐஸ் பெட்டி எல்லாம் பார்ப்பார். வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது, சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கேஸ் சிலிண்டர் வாங்கினால் அப்படியே வண்டியில் ஏற்றமாட்டார். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நம்பவேமாட்டார். கலப்பட கேஸ் வந்து எத்தனையோ பேருடைய கம்ப்ரசர் போயிருக்கிறது என்று சொல்லுவார். புது சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கால் மணி நேரம் வைப்பார். தண்ணீரின் சூட்டை ஒரு கண்ணாடிக் குச்சியில் பார்ப்பார். பிறகு கேஜை மாட்டி அழுத்தம் பார்ப்பார். சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறது. இன்ன கேஸ், இன்ன சூட்டில், இத்தனை பவுண்டு காட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். நாலு பவுண்டு வித்தியாசம் இருந்தாலும் போதும், சிலிண்டர் வந்த வழியே திரும்பிப் போகும். கடைக்காரர்கள் இவரைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் போன தை மாசம் பழனிவேல் ஒரு பையோடு வந்து நின்றான்.

இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயசு. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு பழைய தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தான். காலேஜ் பசங்கள் வந்து குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டு. பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டு, அட்டை வட்டம், கண்ணுக்குக் கண்ணாடி. போலீஸ் ஸ்டேஷனில் போய்க் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தானாம். பையிலிருந்து நாலு துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

திருநாவுக்கரசு முதலில் கடைக் கதவைச் சாத்தினார்.

"என்னா மச்சான் இது? யாருது?"

"பொம்மை மாமா. ஏர்சாஃப்ட்னு சொல்வாங்க. கேஸ்ல சுடும். சுட்டா மேல் மூடி பின்னால போயி வரும், நெச துப்பாக்கி கணக்கா."

"வெச்சப்ப மேச அதிருச்சே, பொம்மன்னா ஏன் இம்மாங்கனம்?"

"உள்ள கேஸ் டப்பா இருக்குதில்ல? அத்தப் பத்திக் கேக்கத்தான் வந்தன். எந்த கேஸ் போடறதுன்னு ஒரே கொழப்பம். ஆளுக்கு ஒண்ணு சொல்றான்."

அவன் மூன்று சாமான்களை வரிசையாக வைத்தான். கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பிகள் ஒரு டப்பி. பச்சை மூடி போட்ட ஸ்ப்ரே டப்பா நாலு. மலையேறப் போகிறவர்கள் அடுப்புக்கு வைத்துக்கொள்ளும் குட்டி கேஸ் டின் ஒன்று, அதற்கு ஒரு பித்தளை மூக்கு.

திருநாவுக்கரசு துப்பாக்கியைத் தொடவில்லை. பேனா முனையால் மேல்மூடியைத் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"பிளாஸ்டிக்கு."

"கம்பெனி பிளாஸ்டிக்கு மாமா."

"பிளாஸ்டிக்குல என்னா கம்பெனி. புக்கு குடுத்தானா?"

சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. எழுத்து எல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரி ஏதோ நாட்டு எழுத்து. ஆனால் ஒரு பக்கத்தில் தெர்மாமீட்டர் படம் போட்டிருந்தது. இருபத்தைந்துக்குப் பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி, முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் அழுகிற மூஞ்சி.

"பாத்தியா?" என்றார். "நம்ம ஊர்ல இருபத்தஞ்சுன்னா மார்கழி மாசம் கோலம் போடற நேரம். அப்ப எவன் வந்து சுடப்போறான்? ஒன் தகரக் கொட்டாய்ல சித்திரைல நாப்பது தாண்டும். சூடு ஏற ஏற கேஸோட அழுத்தம் ஏறும். குளுரு தேசத்துல போடற கேஸ இங்க போட்டா, மூடி ஒன் மூஞ்சிக்கு வரும்."

இரும்புக் குப்பியை எடுத்தார். "இது சோடா கேஸு. ஆயிரம் பவுண்டு. இரும்பு ஒடம்பு இருந்தா தாங்கும். இதுக்கு வேணாம்." ஒதுக்கினார். பச்சை மூடி டப்பாவை லேசாக அழுத்தி மோந்து பார்த்தார். "இது அடுப்பு கேஸுக்கு அண்ணன். நாத்தத்த எடுத்துட்டு எண்ணெ ஊத்தி, வெல நாலு மடங்கு வெச்சிருக்கான். முப்பது டிகிரிலயே நூத்திநாப்பது பவுண்டு வரும். மூடுன எடத்துல நெருப்பு பட்டா புடிச்சிக்கும் வேற." அடுப்பு டின்னைத் தொடவே இல்லை. "அத்தயும் இந்த பச்ச டப்பாங்களயும் கொண்டுபோயி கடையிலயே திருப்பிக் குடு. மூக்க மட்டும் எடுத்து வெச்சிக்க."

"அப்ப எதத்தான் போடறது? வாயால ஊதறதா?"

திருநாவுக்கரசு பெஞ்சுக்கு அடியில் கை விட்டு நீலச் சிலிண்டர் ஒன்றை இழுத்தார். "கார் ஏசிக்குப் போடறது. முப்பது டிகிரில நூறு பவுண்டுக்குள்ள அடங்கும். தீப்புடிக்காது. குளுரு தேசத்துல இதுக்கு ஜீவன் பத்தாது, குண்டு நொண்டும். நம்ம வெயிலுக்கு இது போதும். ஒரே ஒரு கொற. இதுல எண்ணெ கெடையாது, உள்ள இருக்கற ரப்பர் காஞ்சிடும். சிலிக்கான் எண்ணெ ரெண்டு சொட்டு விட்டுட்டு ஏத்தணும். கம்ப்ரசர் எண்ணெய ஊத்தாத, ரப்பரு ஊதிப்போவும். அப்பறம் சன்னல் ரெண்டயும் தொறந்தே வை. தீப்புடிக்காட்டியும் மூச்சு முட்டும்."

பித்தளை மூக்கைச் சிலிண்டரில் மாட்டி, குண்டும் கேஸும் நிரப்புகிற மாகசீனைத் தலைகீழாகப் பிடித்து கேஸை ஏற்றினார். உஸ்ஸென்று இழுத்தது. இரும்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அட்டைப் பெட்டி ஒன்றைச் சுவரோரம் வைத்துப் பழனிவேல் சுட்டான். டக், டக், டக்கென்று மூடி பின்னால் போய்ப் போய் வந்தது. அட்டையில் ஓட்டை விழுந்தது. பழனிவேல் குதித்தான். திருநாவுக்கரசு அட்டைக்குப் பின்னால் போய், ஓட்டை முன்னாலேயே இருந்ததா என்று பார்த்தார்.

அன்றைக்கே ஏற்பாடு ஆகிவிட்டது. இவர் சிலிண்டர் அனுப்புவார், பழனிவேல் காலி சிலிண்டரைத் திருப்பி அனுப்புவான். தையும் மாசியும் ஒரு சிலிண்டரில் ஓடின, பங்குனி இன்னொன்றில். கொட்டகைக்குப் பசங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அங்கே கேஸ் ஏற்றுகிற வேலையும் துப்பாக்கியைத் துடைத்து வைக்கிற வேலையும் இசைவாணியுடையது. முப்பத்தெட்டு வயசுப் பெண்மணி. அண்ணாமலை நகர்ப் பக்கம் வீடு. பதினோராவது படிக்கிற மகளும் படுத்திருக்கிற மாமியாரும் இருக்கிறார்கள். முன்னால் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தவள். கை சுத்தம், பேச்சு வெட்டொன்று. கண்ணாடி மாட்டாத பையன் யாராக இருந்தாலும், மினிஸ்டர் மகனாகவே இருந்தாலும், துப்பாக்கியைக் கையில் கொடுக்கமாட்டாள். காலையில் கொட்டகையைத் திறந்ததும் நாலு துப்பாக்கியையும் அவளே ஒரு முறை சுட்டுப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் வருகிறவர்களுக்கு.

திருநாவுக்கரசுக்கு அவளைப் பார்த்த அன்றைக்கே சந்தேகம்.

"அந்தம்மா ஏன் கேஸ் ஏஜென்சிய உட்டு வந்துது?" என்று பழனிவேலிடம் கேட்டார்.

"ஏஜென்சிய மூடிட்டாங்க மாமா."

"ஏன் மூடனாங்க?"

"எனக்கு எப்பிடி மாமா தெரியும்!"

"அதான் பாரு" என்றார், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

சித்திரை பாதியில் மூன்றாவது சிலிண்டர் போனது. ஒரு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. பேசியது பழனிவேல். இசைவாணி வழக்கம்போல முதலில் சுட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது குண்டிலேயே மேல்மூடி இரண்டாகப் பிளந்து பின்துண்டு பறந்துவந்து முகத்தில் அடித்திருக்கிறது. கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. புருவத்துக்குமேல் கிழிந்து நாலு தையல்.

"எந்த கேஸு போட்டா?" இதுதான் திருநாவுக்கரசின் முதல் கேள்வி.

"ஒன் கேஸுதான் மாமா!"

"என் கேஸு ஒடைக்காது."

அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனார். உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளந்த விளிம்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. அழுத்தம் ஜாஸ்தியாகித்தான் போயிருக்கிறது, அதில் அவருக்குச் சந்தேகமில்லை. எங்கிருந்து ஜாஸ்தி? கொட்டகை முழுவதும் கண்ணை ஓட்டினார். அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பச்சை மூடி டப்பாக்கள் நாலும் இருந்தன. பழனிவேல் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்று லேசாக இருந்தது.

அவ்வளவுதான். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

எதிர்ச் சாரியில் ராமாமிர்தத்தின் டீக்கடை. ஆட்டோக்காரர்கள், சைக்கிளில் பூ விற்கிறவர், பேப்பர் படிக்க வருகிறவர்கள் என்று எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். இசைவாணி ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து, அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். திருநாவுக்கரசு அவள் முன்னால் போய் நின்று, டப்பாவை ஆட்டிக் காட்டினார்.

"ஏம்மா, இது எப்பிடி கொறஞ்சிது?"

"எனக்குத் தெரியாதுண்ணே. அது நான் தொடறதில்ல."

"தொடாம எப்பிடி கொறையும்? ஜோரா சுடட்டும், பசங்க கைதட்டட்டும்னு இத்த ஏத்திட்ட. இப்ப என் கேஸ்னு பழி."

"நான் யார்மேலயும் பழி போடலியே. என் நெத்திதான் கிழிஞ்சிருக்குது."

"கேஸ் ஏஜென்சில இருந்தவங்களுக்குக் கேஸு மாத்தத் தெரியாதா? அங்க என்னென்னா மாத்துனீங்களோ. அதான் மூடிட்டாங்க."

ராமாமிர்தம் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். இசைவாணி பழனிவேலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளு ஊட்ல இருங்கக்கா. என்னான்னு பாத்துட்டு சொல்றன்" என்றான் கடைசியில்.

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நடந்தாள். அந்தத் தெருவுக்கு இனி அவள் திருடி. இன்னொரு இடத்தில் வேலைக்கு என்று போய் நின்றாலும் இந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் நின்றுவிடும். அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

திருநாவுக்கரசு அந்தச் சிலிண்டரைக் கையோடு கடலூருக்குக் கொண்டுவந்தார். தன் கேஸ் சுத்தம் என்று கேஜோடு படம் பிடித்து மச்சானுக்கு அனுப்ப வேண்டும், இந்த விவகாரத்துக்கு முத்திரை குத்த வேண்டும் என்று எண்ணம். மறுநாள் காலை தொட்டியில் தண்ணீர் நிரப்பி சிலிண்டரை வைத்தார். முக்கால் மணி நேரம் போனது. தண்ணீர் முப்பது டிகிரி. சார்ட்டில் விரலை வைத்தார். தொண்ணூற்றேழு வர வேண்டும். கேஜை மாட்டித் திறந்தார்.

முள் நூற்று நாற்பதில் போய் நின்றது.

கேஜைத் தட்டினார். நூற்று நாற்பது. வேறு கேஜ் மாட்டினார். நூற்று நாற்பத்திரண்டு. கண்ணாடிக் குச்சி பொய் சொல்கிறதோ என்று பக்கத்து மெடிக்கலில் போய் ஜுரம் பார்க்கிற குச்சி வாங்கிவந்தார். அது முப்பதுக்கெல்லாம் வேலை செய்யாது, அதைத் தூக்கிப் போட்டார். தண்ணீரை மாற்றினார். சுவரில் இருந்த சார்ட்டையே சந்தேகப்பட்டுக் கயல்விழியின் போனில் வேறு சார்ட் எடுக்கச் சொன்னார். எல்லாம் ஒரே கணக்கைத்தான் சொன்னது.

"அவதான்" என்றார். "சிலிண்டருக்குள்ளயே எதயோ ஏத்திட்டா."

கயல்விழி வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எப்பிடிங்க ஏத்துவா?"

"டப்பாவுலேர்ந்து."

"அந்தக் கையளவு டப்பாவுலேர்ந்து இந்தப் பெரிய சிலிண்டருக்குள்ள போவுமா? நீங்களே ஏத்தறதுக்கு அந்த மிஷின உருட்டிக்கினு வரீங்க."

உண்மைதான். பம்ப் மிஷின் இல்லாமல் அப்படி ஏற்ற முடியாது. அந்த மிஷின் இந்த ஊரில் மூன்று பேரிடம் இருக்கிறது. சிதம்பரம் கொட்டகையில் கிடையாது. இந்தக் கேஸ் இங்கிருந்து போகும்போதே இப்படித்தான் போயிருக்கிறது.

வாங்கின கடைக்காரனைத் திட்டலாம் என்று பில்லைத் தேடினார். இந்தச் சிலிண்டருக்குப் பில் இல்லை. பெஞ்சுக்கு அடியில் குனிந்து மற்றச் சிலிண்டர்களின் கழுத்தைப் பார்த்தார்.

பழைய ஏசியைக் கழற்றும்போது அதில் மிச்சமிருக்கிற கேஸைக் காற்றில் விடமாட்டார். கார் ஏசியில் வந்ததையும் வீட்டு ஏசியில் வந்ததையும் ஒரே சிலிண்டரில் பிடித்து வைப்பார். கடையில் வருகிற புது கேஸை விட, தன் கண்முன்னால் ஓடின பழைய கேஸ் மேல் அவருக்கு நம்பிக்கை. வீட்டு ஏசியில் ஓடுகிற கேஸ் வேறு ஜாதி, அழுத்தம் ஜாஸ்தி. அதெல்லாம் கலந்த சிலிண்டர் ஒன்று நீலத்தில் இருந்தது. கழுத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

"ஏ கயலு. கழுத்துல சாக்பீஸ் போட்ட சிலிண்டர் ஒண்ணு இருந்துதே, எங்க?"

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது. ஆயுத பூசைக்குக் கழுவி வெச்சேனே."

"கழுவனியா?"

"பின்ன? அழுக்கு சிலிண்டருக்கா சந்தனம் வெப்பாங்க? சோப்பு போட்டுத் தேங்காநாருல தேச்சி, பொட்டு வெச்சி, மாலை போட்டு, நீங்கதான சூடம் காட்டுனீங்க."

காட்டினார். ஐந்து சிலிண்டரும் பளபளவென்று ஒரே மாதிரி நிற்க, இவர்தான் தட்டைச் சுற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். கழுத்தைப் பார்க்கவில்லை.

"வேணும்னே அழிச்சியா?" என்று கேட்டுவிட்டார், பழக்க தோஷத்தில்.

கயல்விழி கீரையைக் கீழே வைத்தாள். "வருசா வருசம் வர்ற ஆயுத பூச. குறி போடறவரு சாக்பீஸ்லயா போடுவாரு? சரி, அனுப்பறதுக்கு முன்ன தொட்டில வெச்சிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வெளியிலிருந்து வருவதைத்தான் சோதிப்பார். தன் பெஞ்சுக்கு அடியிலிருந்து போவதை எதற்குச் சோதிக்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

அன்றைக்கு முழுக்க அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சிலிண்டரைக் காலி செய்துவிட்டால் சாட்சியும் இல்லை. கயல்விழி சொல்லமாட்டாள், அவளுக்குத் தம்பியும் வேண்டும், புருஷனும் வேண்டும். ஊரில் எவனாவது இப்படிச் செய்திருந்தால், அவன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்து, சந்தியில் நிறுத்தியிருப்பார். அது அவருக்கே தெரிந்திருந்தது. சாயங்காலம் முகம் கழுவப் போனவர் கண்ணாடியைப் பார்க்காமலே துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, தொட்டியில் இரண்டு முறை வைத்துப் பார்த்த சிலிண்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் போனார். புதுச்சத்திரம் தாண்டும் வரை கண்டக்டரோடு அந்தச் சாக்குக்காகச் சண்டை. கேஸ் என்று சொன்னால் இறக்கிவிடுவான். சொல்லாமல் இருந்தால் பொய். "ஏசி சாமான்" என்றார். அதுவும் அரை உண்மைதான் என்று உறுத்தியது.

பழனிவேலிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் கொட்டகை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சரி உடு மாமா. நடந்தது நடந்துபோச்சி. இனிமே பாத்து அனுப்பு. இத்தப்போயி வெளிய சொல்லிக்கினு."

"அந்தம்மா?"

"அவுங்களுக்கு வேற எங்கனா வேல கெடைக்கும். இப்ப போயி கூப்ட்டா நமக்குத்தான அசிங்கம்."

திருநாவுக்கரசு அவனை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை பழனிவேலுக்குப் பதினாலு வயசிலிருந்தே பழக்கம்.

"மச்சான். அந்த டப்பா எப்பிடி லேசாச்சி?"

பழனிவேல் சைக்கிள் ஒன்று போவதைப் பார்த்தான். பிறகு காக்காய் ஒன்றைப் பார்த்தான். "பொங்கலுக்கு... பிரண்ட்ஸ் வந்திருந்தாங்க. சும்மா ரெண்டு ரவுண்டு. நாந்தான்."

"அன்னிக்கி டீக்கடைல தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சே நின்னியா?"

"நீயும்தான் நின்ன மாமா. பிரிட்ஜத் தொறந்து பாக்கறவரு, ஒன் சிலிண்டரத் தொறந்து பாத்தியா?"

இரண்டு பேரும் பைக்கில் ஏறி அண்ணாமலை நகருக்குப் போனார்கள்.

இசைவாணி வாசலில் மாமியாரின் போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு சிறிசாகியிருந்தது. வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. திருநாவுக்கரசு ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பழனிவேல் டப்பா விஷயத்தை முணுமுணுத்தான். அவள் போர்வையின் நாலு முனையையும் இழுத்துச் சரி செய்தாள்.

"அண்ணே, நீங்க சொல்றது எனக்குப் புதுசு இல்ல. நான் டப்பாவத் தொடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்கு எதுக்கு இத்த வந்து சொல்றீங்க?"

"மன்னிப்பு கேக்கலாம்னு..."

"அத்த எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. எம் பொண்ணு நேத்து டியூசன்லேர்ந்து அழுதுக்கினு வந்துது. அங்க கூடப் படிக்கிற பையனோட அப்பா ஆட்டோ ஓட்டறவரு. நாலு மணிக்கு அவுங்க எல்லாரும் ராமாமிர்தம் கடைல இருப்பாங்க. நானும் வரன்."

"வேலைக்கு வந்துருங்கக்கா" என்றான் பழனிவேல் அவசரமாக.

"மொதல்ல நாலு மணி ஆவட்டும்."

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். திருநாவுக்கரசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. டீக்கடையில் சொன்னால் சிதம்பரத்தில் சொன்னதோடு நிற்காது, ஆட்டோவில் ஏறி பஸ்ஸில் ஏறி முதுநகர் வரைக்கும் வரும். அப்புறம் எவன் தன் காரைக் கொண்டுவந்து விடுவான்? மூன்றரை மணிக்குக் கடலூர் பஸ் ஒன்று இருந்தது. அதுவும் அவருக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் நடந்தும் விட்டார். பழனிவேல் தடுக்கவில்லை. அவர் பஸ் பலகையைப் படித்தார், நின்றார், திரும்பி வந்தார். ஏன் திரும்பினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கோழையென்று அவரை யாரும் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.

நாலு மணிக்குக் கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். இசைவாணி வந்து, பெஞ்சில் உட்காராமல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"வாங்க டிடெக்டிவ்" என்றார் ராமாமிர்தம். "இன்னிக்கி யாரு?"

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். "அன்னிக்கி நான் இந்தம்மாவப் பத்திச் சொன்னது தப்பு. கேஸு என்னுது. நாந்தான் மாத்தி அனுப்பிட்டன்."

"கேக்கல" என்றாள் இசைவாணி.

"நான் சொன்னது தப்புன்னு..."

"ஆட்டோவுல ஒக்காந்திருக்கறவருக்குக் கேக்கலண்ணே. அன்னிக்கி நல்லாத்தான் கேட்டுது."

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தம்மா திருடல! கேஸும் மாத்தல! ஏஜென்சியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நானா சொன்னன்! மண்டையத் தச்சிக்கினு வந்த பொம்பளயப் பாத்து, என் சிலிண்டர நான் பாக்காம, வாய்க்கு வந்தத பேசனன்!"

பூக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. "யாரு சிலிண்டரு?" என்று கேட்டது.

"எஞ் சிலிண்டரு!"

"சந்தனம் வெச்ச சிலிண்டராம்பா" என்றான் பழனிவேல். ரெண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவனும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டு, "டப்பாவத் தொறந்தது நாந்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான், யாரையும் பார்க்காமல். ராமாமிர்தம் அவனைப் பார்த்த பார்வையில் இனி ஒரு மாசத்துக்கு அவனுக்கு அங்கே கடன் டீ கிடையாது என்பது தெரிந்தது.

இசைவாணி ஒரு டீ சொன்னாள். நிதானமாகக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு பழனிவேலிடம் கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

மூன்று பேரும் தெருவைக் கடந்தார்கள். அவள் பூட்டைத் திறந்து, இரண்டு ஜன்னலையும் விரியத் தள்ளினாள். தகரச் சூடு குப்பென்று வெளியே வந்தது. திருநாவுக்கரசு சாக்கை அவிழ்த்து, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் கால் வைத்தார்.

"அண்ணே, அங்கயே வைங்க."

"இது புதுசும்மா. நல்லது."

"வெளியவே வைங்க. நிழல்ல. தொட்டியும் அந்தக் கேஜும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துட்டு, எப்பிடிப் பாக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்க. நான் பாத்துட்டு உள்ள எடுத்துக்கறன்."

ரெண்டு தடவை பார்த்துவிட்டேனம்மா என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பாமல் உள்ளே போய் அலமாரியைத் துடைக்கத் தொடங்கினாள். அவர் சிலிண்டரை மெதுவாக இறக்கி, வேப்பமரத்து நிழலில் நிமிர்த்தி வைத்தார். வெயில் நகர்ந்து வரும் என்று தோன்றவும், இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தார்.